‘ரஷ்’ படத்தில் எது நடந்தது, எது நடக்கவில்லை: 1976 ஃபார்முலா ஒன் பருவத்தை முன்வைத்து

கேள்வி இது: “ரஷ் பார்த்தேன். ஜேம்ஸ் ஹண்டும் நிக்கி லாவுடாவும் நிஜத்திலும் இப்படித்தான் ஒருவரையொருவர் வெறுத்தார்களா? பந்தயங்கள் காட்டியபடியே நடந்தனவா? கடைசியில் ஒரே ஒரு புள்ளியில் முடிவது சினிமாவுக்காகச் செய்ததா?”

ஒரு புள்ளி நிஜம். ஹண்ட் 69, லாவுடா 68. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் ஓடுதளத்தில் லாவுடா தீயில் சிக்கிய விபத்து நிஜம், ஆறு வாரத்தில் அவர் திரும்பி வந்தது நிஜம், கடைசிப் பந்தயம் நடந்த ஜப்பானின் ஃபூஜி மழையும் நிஜம். வெறுப்புதான் கட்டுக்கதை. இருவரும் நண்பர்கள். 1976-இல் உண்மையான பகை லாவுடாவின் ஃபெராரி, ஹண்டின் மெக்லாரன் ஆகிய இரண்டு அணிகளுக்கு இடையே இருந்தது. அது பாதி ஓடுதளத்திலும் பாதி விதிப்புத்தகத்தை விரித்து வைத்த மேசைகளிலும் நடந்தது. மேசையில் நடந்ததைப் படமாக்கினால் யாரும் கடைசிவரை உட்காரமாட்டார்கள் என்பதால், அந்தச் சூட்டையெல்லாம் இரண்டு மனிதர்களின் மேல் இறக்கி வைத்தார் திரைக்கதை எழுதிய பீட்டர் மார்கன். 2013-இல் ரான் ஹோவர்ட் இயக்கிய படம். ஹண்டாக கிறிஸ் ஹெம்ஸ்வொர்த், லாவுடாவாக டேனியல் ப்ரூல்.

படம் வந்தபோது ஹண்ட் இறந்து இருபது வருடம் ஆகியிருந்தது. லாவுடா உயிரோடு இருந்தார். மார்கனுடன் உட்கார்ந்து பேசினார், ப்ரூலுக்கும் உதவினார். ஆகவே லாவுடாவின் பேச்சு, நடை, எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கும் குணம் எல்லாம் நுணுக்கமாக வந்திருக்கின்றன. ஹண்டோ மற்றவர்கள் சொல்லக் கேட்டு வரைந்த ஆள். குடி, பெண்கள், பந்தயத்துக்கு முன் வாந்தி, இவையெல்லாம் உண்மைதான். வாந்தி பதற்றத்தால் வந்தது, பலர் பார்த்தது. ஆனால் மழையில் அவர் எவ்வளவு தேர்ந்த ஓட்டுநர், டயரைப் பற்றி எவ்வளவு யோசித்தார் என்பதற்குப் படத்தில் இடமில்லை. வீட்டில் லவ் பேர்ட்ஸ் வளர்த்து இனப்பெருக்கம் செய்ததில் அவருக்கிருந்த அக்கறையைப் படம் தொட்டுக் காட்டுகிறது. அது ஒன்றுதான் சற்று வேறான ஹண்ட்.

நட்பைப் பற்றி. இருவரும் ஃபார்முலா ஒன்னுக்குக் கீழ்ப்படியான ஃபார்முலா த்ரீ காலத்திலிருந்தே பழக்கம். கையில் காசில்லாத அந்த நாட்களில் லண்டனில் ஒரே வீட்டில் தங்கியதும் உண்டு. படத்தின் தொடக்கத்தில் 1970-இல் கிரிஸ்டல் பேலஸ் பந்தயத்தில் ஹண்டும் லாவுடாவும் மோதிக்கொண்டு, அங்கேயே வாய்ச்சண்டையும் போட்டு, பகை பிறப்பதாக வருகிறது. அந்த ஆண்டு கிரிஸ்டல் பேலஸில் ஹண்ட் மோதியது உண்மை. ஆனால் எதிராளி டேவ் மார்கன் என்ற வேறொரு ஓட்டுநர். காரிலிருந்து இறங்கிய ஹண்ட் அவரைத் தாக்கினார், விசாரணை வரை போனது. லாவுடாவுக்கு அதில் சம்பந்தமே கிடையாது. வேறொருவரின் சண்டையில் லாவுடாவின் முகத்தை ஒட்டியதுதான் இந்தப் படத்தின் மிகப் பெரிய மாற்றம். பின்னால் வரும் ஒவ்வொரு உரசலும் அந்த முதல் காட்சியைக் கடன் வாங்கித்தான் நிற்கிறது.

பணம் விஷயத்தில் படம் சுருக்கியிருக்கிறது, பொய் சொல்லவில்லை. லாவுடா வியன்னாவின் பெரிய தொழிலதிபர் குடும்பம். தாத்தா ஹான்ஸ் லாவுடாவுக்குப் பேரன் கார் ஓட்டுவது பிடிக்கவில்லை. வங்கியில் கடன் கிடைக்கவிருந்ததையும் தடுத்தார். லாவுடா வேறு வங்கிக்குப் போய், ஆயுள் காப்பீட்டைப் பிணையாக வைத்து, ‘மார்ச்’ என்ற அணியில் இடம் வாங்கினார். 1972 முழுக்க அந்த மார்ச் கார் மோசமாகப் போனது. கடன் அடையவில்லை, இன்னொரு கடன் வாங்கி 1973-இல் பி.ஆர்.எம். அணிக்குப் போனார். படம் இரண்டு கடன்களையும் ஒன்றாக்கி நேரே பி.ஆர்.எம்.-இல் கொண்டுபோய் நிறுத்துகிறது. அங்கே அவருடன் ஓட்டிய கிளே ரெகாட்ஸோனி ஃபெராரிக்குத் திரும்பும்போது இவரைப் பற்றிச் சொல்லிவைத்தார். 1974-இல் லாவுடா ஃபெராரி, 1975-இல் உலக சாம்பியன்.

ஹண்டின் பாதை வேறு. லார்ட் ஹெஸ்கெத் என்ற இளம் பிரபு தன் சொந்தக் காசில் நடத்திய அணி. ஸ்பான்சர் ஸ்டிக்கர் ஒன்றுகூட ஒட்டாத வெள்ளைக் கார், பிட்டில் (ஓடுதளத்தை ஒட்டி அணிகள் காரைக் கவனிக்கும் இடம்) ஷாம்பெய்ன். படம் பார்த்தால் இது வெறும் கேளிக்கைக் கூட்டம் என்று தோன்றும். அப்படியில்லை. ஹார்வி போஸ்ட்ல்த்வெய்ட் என்ற கெட்டிக்காரப் பொறியாளர் வடிவமைத்த ஹெஸ்கெத் 308 காரில், 1975-இல் நெதர்லாந்தின் ஜான்ட்வோர்ட் பந்தயத்தில், ஃபெராரியில் வந்த லாவுடாவைப் பின்னால் வைத்துக்கொண்டே ஹண்ட் ஜெயித்தார். ஈரத்திலிருந்து காயும் தளத்தில் சரியான நேரத்தில் டயர் மாற்றியதால் கிடைத்த வெற்றி அது. அதே ஆண்டின் கடைசியில் ஹெஸ்கெத்தின் கைக்காசு தீர்ந்தது. சரியாக அப்போதுதான் எமர்சன் ஃபிட்டிபால்டி மெக்லாரனை உதறிவிட்டு அண்ணனின் கோப்பர்சூகார் அணிக்குப் போனார். காலி இடம் ஹண்டுக்குக் கிடைத்தது. இந்த அதிர்ஷ்டம் இல்லையென்றால் 1976 என்ற கதையே இல்லை.

கார்களைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் படம் சத்தத்தைக் கொடுக்கிறதே தவிர விளக்கம் கொடுப்பதில்லை. இரண்டுமே 3 லிட்டர் எஞ்சின்தான். ஃபெராரி 312டி-யில் படுத்த வாக்கில் 12 சிலிண்டர், ஏறத்தாழ 500 குதிரைத்திறன். பெயரிலுள்ள ‘டி’ கியர்பாக்ஸைக் குறுக்குவாட்டில் வைத்திருப்பதைச் சொல்கிறது. கனமான பாகம் பின்சக்கர அச்சுக்கு முன்னால் வந்துவிடுவதால் கார் வளைவில் சட்டென்று திரும்பும். ஸ்பெயின் பந்தயம் முதல் 312டி2 என்ற புதிய வடிவம். மெக்லாரன் எம்23 கோர்டன் காப்பக் வடிவமைத்து 1973-இல் வந்த பழைய கார். காஸ்வொர்த் டி.எஃப்.வி. எஞ்சின், 8 சிலிண்டர், ஃபெராரியை விட பலம் சற்றுக் குறைவு. ஆனால் எளிமையான எஞ்சின், பெரும்பாலான அணிகள் அதையே பயன்படுத்தின. 1976-க்காக ஆறு கியர் பெட்டி பொருத்தி, எடையைக் குறைக்க அழுத்தக் காற்றில் ஸ்டார்ட் செய்யும் ஏற்பாடும் செய்தார்கள். நீங்கள் படத்தில் ஒரு கணம் பார்த்துக் கண்ணைத் தேய்த்திருக்கக்கூடிய ஆறு சக்கரக் காரும் நிஜம்தான். டிரெல் பி34, முன்னால் நான்கு சின்னச் சக்கரம். அந்த ஆண்டு ஸ்வீடனில் முதல் இரண்டு இடங்களையும் பிடித்தது.

இனி மேசைச் சண்டை. மே 2, ஸ்பெயினின் ஹராமா ஓடுதளம். அன்று முதல் புதிய விதிகள் அமலுக்கு வந்தன. எஞ்சினுக்கு மேல் கோபுரம்போல் நின்ற காற்றுப்பெட்டிக்குத் தடை, காரின் அகலம் அதிகபட்சம் 215 செ.மீ. ஹண்ட் ஜெயித்தார். பிறகு அளந்தால் பின்சக்கரங்களுக்கு இடையே 1.8 செ.மீ. அதிகம். தகுதி நீக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 215 என்ற எண்ணையே அப்போதிருந்த கார்களில் மிக அகலமான மெக்லாரனை அளந்துதான் வைத்திருந்தார்கள். நடுவில் டயரின் பக்கச்சுவர் மாறி வெளியே புடைத்தது, அணி மறுபடி அளந்து பார்க்கவில்லை. கவனக்குறைவு, ஏமாற்று வேலை இல்லை. வேகத்தில் ஒன்றரை விரல் அகலம் எதையும் தராது. மெக்லாரன் மேல்முறையீடு செய்தது. ஜூலையில் 3,000 டாலர் அபராதத்தோடு வெற்றி திரும்பக் கிடைத்தது.

இடைப்பட்ட இரண்டு மாதம்தான் ஹண்டின் இருண்ட காலம். அகலத்தைக் குறைக்கக் காரைப் பிரித்தபோது ஆயில் கூலர்களின் இடத்தையும் மாற்றிவிட்டார்கள். சில அங்குல மாற்றம்தான். அது பின் இறக்கைக்குப் போகும் காற்றைக் கெடுத்து, கார் நிலையில்லாமல் ஆடியது. பெல்ஜியத்திலும் மொனாக்கோவிலும் முடிக்கவே இல்லை, ஸ்வீடனில் ஐந்தாவது. கூலர்களைப் பழைய இடத்துக்கு நகர்த்தியதும் ஜூலை 4 அன்று பிரான்சில் வெற்றி. படத்தில் இந்தக் கட்டத்தில் ஹண்ட் மனம் உடைந்து, பிறகு மீண்டு வருவதாகத் தெரியும். மனத்தைவிடக் கூலருக்கு அதில் பங்கு அதிகம். அதே ஸ்பெயின் பந்தயத்தில் லாவுடா விலா எலும்பில் விரிசலோடு ஓட்டி இரண்டாவது வந்தார். வீட்டில் டிராக்டர் கவிழ்ந்து வந்த காயம். நூர்பர்க்ரிங்குக்கு முன்பே அவர் எப்படிப்பட்ட ஆள் என்று இது காட்டியிருக்கும்.

ஜூலை 18, பிராண்ட்ஸ் ஹாட்ச், பிரிட்டிஷ் கிரான் ப்ரீ. படம் இதில் நிற்பதில்லை. உண்மையில் சாம்பியன்ஷிப்பின் முடிச்சே இங்கேதான் விழுந்தது. முதல் வளைவிலேயே ரெகாட்ஸோனி தன் அணித்தோழன் லாவுடாவோடு உரசினார். இரண்டு ஃபெராரிகளின் குளறுபடியில் பின்னால் வந்த ஹண்ட் சிக்கினார், அவர் காரின் முன்பகுதி அடிபட்டது. சிவப்புக் கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். ஹண்ட் ஓடுதளத்தை முழுதாகச் சுற்றாமல் பக்கவழியாகப் பிட்டுக்குள் நுழைந்தார். மறுதொடக்கத்தில் அவருக்கு இடமில்லை என்று அதிகாரிகள் அறிவிக்க, சொந்த ஊர்க் கூட்டம் கூச்சலிட்டது, பாட்டில்கள் பறந்தன. அந்தத் தாமதத்துக்குள் மெக்கானிக்குகள் காரைச் சரிசெய்துவிட்டார்கள். ஹண்ட் ஓடினார், நடுவில் லாவுடாவை முந்தி ஜெயித்தார். ஃபெராரி விடவில்லை. முதல் சுற்று நிறுத்தப்பட்ட நேரத்தில் ஹண்ட் பந்தயத்தில் இருந்தாரா இல்லையா என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு பாரிஸிலிருந்த மேல்முறையீட்டு மன்றம் வரை போனது. செப்டம்பர் 24 அன்று தீர்ப்பு: தகுதி நீக்கம், வெற்றி லாவுடாவுக்கு.

முதலிடத்துக்கு 9 புள்ளி, அதன் பின் 6, 4, 3, 2, 1. இரண்டு தீர்ப்புகளும் ஹண்டுக்குச் சாதகமாகியிருந்தால் ஆண்டின் முடிவு ஹண்ட் 78, லாவுடா 65. இரண்டும் பாதகமாகியிருந்தால் லாவுடா 71, ஹண்ட் 60. ஒன்று இப்படியும் ஒன்று அப்படியும் போனதால் 69–68. படம் கொண்டாடும் அந்த ஒரு புள்ளி வித்தியாசத்தை ஃபூஜியின் மழை மட்டும் உண்டாக்கவில்லை.

நூர்பர்க்ரிங்குக்கு வருவோம். ஆகஸ்ட் 1. ஒரு சுற்று 22.8 கி.மீ., மலைக்காட்டுக்குள் 14 சுற்று. ஒரு முனையில் மழை பெய்யும்போது மறுமுனை உலர்ந்திருக்கும். அவ்வளவு நீளத்துக்கு ஆம்புலன்ஸும் தீயணைப்பு ஆட்களும் நிறுத்த முடியாது என்பதே லாவுடாவின் வாதம். அவர் பயந்தாங்கொள்ளி என்று யாரும் சொல்ல முடியாது. முந்தைய ஆண்டு பயிற்சியில் அங்கே 7 நிமிடத்துக்குக் கீழே, 6 நிமிடம் 58.6 விநாடியில் சுற்றியவரே அவர்தான். பந்தயத்தைப் புறக்கணிக்கலாம் என்ற அவரது யோசனைக்குச் சக ஓட்டுநர்களிடம் பெரும்பான்மை கிடைக்கவில்லை. படத்தில் அது பந்தய நாள் கூட்டத்தில் ஹண்ட் எதிர்த்துப் பேசித் தோற்கடிப்பதாக வருகிறது. ஹண்டைக் குற்ற உணர்வில் தள்ளுவதற்குத் திரைக்கதைக்கு அப்படி ஒரு காட்சி தேவை. புறக்கணிப்பு பற்றிய பேச்சு அதற்கு முன்பே எழுந்து முடிந்தது.

அன்று தொடக்கத்தில் தளம் ஈரம். ஏறக்குறைய எல்லோரும் மழை டயரில் கிளம்ப, ஹண்டின் அணித்தோழன் ஜோகன் மாஸ் மட்டும் உலர் டயரில் துணிந்தார். தளம் வேகமாகக் காய்ந்தது, முதல் சுற்று முடிவில் மாஸ் முன்னணியில். மற்றவர்கள் பிட்டுக்குள் பாய்ந்து உலர் டயருக்கு மாறினார்கள், லாவுடாவும்தான். சூடேறாத புது டயர், அங்கங்கே ஈரத் திட்டு, டயர் மாற்றியதில் இழந்த இடங்களைப் பிடிக்கும் அவசரம். இரண்டாம் சுற்றில் பெர்க்வெர்க் என்ற இடத்துக்கு முன்னால் ஓர் அதிவேக இடது வளைவில் கார் வலப்பக்கம் திரும்பி மண்மேட்டில் மோதி, தீப்பற்றி, தளத்துக்கு நடுவே திரும்பி வந்தது. பின்னால் வந்த பிரெட் லங்கரின் கார் அதில் இடித்தது. ஏன் திரும்பியது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. பின் சஸ்பென்ஷன் உடைந்தது என்பது பலரது ஐயம். படம் அந்த ஐயத்தையே விடையாக எடுத்துக்கொண்டு உடையும் பாகத்தை நெருக்கத்தில் காட்டுகிறது. அதை நிரூபிக்கப்பட்ட உண்மை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

காப்பாற்றியவர்கள் சக ஓட்டுநர்கள். கை எட்வர்ட்ஸ், லங்கர், ஹரால்ட் எர்ட்ல், அர்த்துரோ மெர்சாரியோ. சீட் பெல்ட் கொக்கியை நெருப்புக்குள் கைவிட்டுக் கழற்றியவர் மெர்சாரியோ, ஃபெராரியில் முன்பு ஓட்டியவர், அந்தப் பட்டையின் அமைப்பு அவருக்குப் பழக்கம். ஹெல்மெட் மோதலிலேயே கழன்றுவிட்டதால் தலை நெருப்பில் நேராக வெந்தது. வெளியே எடுத்தபோது லாவுடா நினைவோடுதான் இருந்தார், பேசினார். உயிருக்கு ஆபத்து தோல் காயத்தைவிட நுரையீரலால் வந்தது. எரியும் கார் உடலின் நச்சுப்புகையை அவ்வளவு நேரம் சுவாசித்திருந்தார். பாதிரியார் வந்து, சாகக் கிடப்பவருக்குச் செய்யும் இறுதிப் பிரார்த்தனை செய்ததும் நடந்ததே. விபத்தின் அசைபடம் உலகத்துக்குக் கிடைத்தது வேலியோரம் நின்ற ஒரு பார்வையாளர் 8 மி.மீ. கேமராவில் எடுத்திருந்ததால்தான். படத்தின் விபத்துக் காட்சியை அதோடு வைத்துப் பாருங்கள், கார் சுழலும் விதம் அப்படியே இருக்கும். பந்தயம் மறுபடி தொடங்கியது, ஹண்ட் ஜெயித்தார். கிறிஸ் ஏமன் என்ற ஓட்டுநர் மறுதொடக்கத்துக்கு மறுத்துவிட்டார். ஜெர்மன் கிரான் ப்ரீ அந்தப் பழைய நீண்ட ஓடுதளத்தில் அதோடு முடிந்தது. அடுத்த ஆண்டு ஹாக்கன்ஹைமுக்குப் போனது.

மருத்துவமனைக் காட்சிகள் மிகைபோலத் தோன்றும், அவை மிகையில்லை. நுரையீரலைச் சுத்தம் செய்த சிகிச்சையும், ஆறாத காயத்தின் மேல் ஹெல்மெட் மாட்டிய வேதனையும் நடந்தவை. விபத்து ஆகஸ்ட் 1, இத்தாலியின் மோன்சா பந்தயம் செப்டம்பர் 12. இடையில் 42 நாள். தவறவிட்டது ஆஸ்திரியா, நெதர்லாந்து என்ற இரண்டே பந்தயம். ஆஸ்திரியாவில் ஃபெராரி கார் அனுப்பவே இல்லை. பிறகு கார்லோஸ் ரோய்ட்டமானை எடுத்தார்கள், லாவுடா திரும்பி வருவார் என்று அணியே நம்பவில்லை. அதனால் மோன்சாவில் மூன்று ஃபெராரிகள். லாவுடா ஐந்தாவதாகத் தொடங்கி நான்காவதாக முடித்தார். மூவரில் பயிற்சியில் அவரே வேகமானவர். பயிற்சியின் முதல் நாள் பயத்தில் உடம்பு நடுங்கியதைப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மீட்சியில் வில்லி டங்கல் என்ற ஆஸ்திரியப் பயிற்சியாளருக்குப் பெரிய பங்கு உண்டு.

அதே மோன்சாவில் மெக்லாரனுக்கு இன்னொரு இடி. ஹண்ட், மாஸ், பென்ஸ்கே அணியின் ஜான் வாட்சன் ஆகியோரின் பெட்ரோலில் ஆக்டேன் அளவு அதிகம் என்று சனிக்கிழமை நேரங்களை ரத்து செய்து, கடைசி வரிசைக்குத் தள்ளினார்கள். ஹண்ட் பின்னாலிருந்து முந்த முயன்று மணலுக்குள் போய் நின்றார். இத்தாலியில் இத்தாலிய அணிக்காகச் செய்தார்கள் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் கொதித்தன. பாரிஸ் தீர்ப்பும் அடுத்த பன்னிரண்டு நாளில் வர, மூன்று பந்தயம் மீதியிருக்க லாவுடா 64, ஹண்ட் 47. பதினேழு புள்ளி. அங்கிருந்து கனடாவின் மோஸ்போர்ட்டில் வெற்றி, அமெரிக்காவின் வாட்கின்ஸ் கிளென்னில் வெற்றி. ஹண்டின் திறமை எங்கே என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு வாரம் போதும். படம் இதை மேலோட்டமாகத் தாண்டிப் போகிறது.

ஃபூஜி, அக்டோபர் 24. லாவுடா 68, ஹண்ட் 65. கொட்டும் மழை, பனிமூட்டம். தொடக்கம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஜப்பானின் முதல் உலக சாம்பியன்ஷிப் பந்தயம், தொலைக்காட்சி நேரலை வேறு, சீக்கிரம் இருட்டிவிடும். ஓடியே ஆகவேண்டும் என்று முடிவானது. இரண்டு சுற்றில் லாவுடா பிட்டுக்குள் வந்து இறங்கிவிட்டார். கோழைத்தனம் என்று இத்தாலியில் எழுதினார்கள். படம் சரியாகவே காட்டும் மனக்காரணத்தோடு உடற்காரணமும் சேர்ந்தது: இமைகள் வெந்து சுருங்கியிருந்ததால் கண்ணைச் சரியாக இமைக்க முடியாது. எஞ்சின் கோளாறு என்று சொல்லிவிடலாம் என ஃபெராரியின் தலைமைப் பொறியாளர் மௌரோ ஃபோர்கியேரி முன்வந்தார், லாவுடா மறுத்தார். ஃபிட்டிபால்டி, கார்லோஸ் பாச்சே, லாரி பெர்கின்ஸ் ஆகியோரும் அன்று இதேபோல் விலகினார்கள். படத்தில் லாவுடா மட்டும் தனியாளாகத் தெரிகிறார்.

அடுத்தது டயர் கதை. தொடங்கிய கொஞ்ச நேரத்தில் மழை விட்டது. ஹண்ட் பெரும்பகுதி முன்னணியில். மழை டயரின் ரப்பர் மென்மையானது, தண்ணீர் குளிர்விக்கும்வரைதான் தாங்கும். காயும் தளத்தில் சூடேறிக் கரைந்துவிடும். அதனால் நேர்பாதையில் ஈரமான ஓரம் தேடி ஓட்ட வேண்டும். பிட்டிலிருந்து அப்படித்தான் பலகை காட்டினார்கள். ஹண்ட் போதுமான அளவு செய்யவில்லை. நிறுத்தி மாற்றுவதா வேண்டாமா என்று ஓட்டுநர் அணியின் சைகைக்கும் அணி ஓட்டுநரின் முடிவுக்கும் காத்துக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 73 சுற்று. முடிய ஐந்து சுற்றிருக்கும்போது டயரில் காற்றுப் போனது. மாற்றிக்கொண்டு வெளியே வந்தால் ஐந்தாம் இடம். ஆலன் ஜோன்ஸையும் ரெகாட்ஸோனியையும் முந்தி மூன்றாவதாக முடித்தார். வென்றவர் மாரியோ ஆண்ட்ரெட்டி, இரண்டாவது பாட்ரிக் டெபெய்யே.

மூன்றாம் இடம் கட்டாயம் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படியில்லை. நான்காவதாக வந்திருந்தால் 3 புள்ளி, 68–68. சமமானால் வெற்றிகளின் எண்ணிக்கை பார்ப்பார்கள், ஹண்டுக்கு 6, லாவுடாவுக்கு 5. பட்டம் அப்போதும் ஹண்டுக்கே. அதேபோல் லாவுடா ஆறாவதாக வந்து ஒரு புள்ளி எடுத்திருந்தாலும் 69–69, அதே காரணத்தால் பயனில்லை. ஐந்தாவதாக வந்திருக்க வேண்டும். ஹண்ட் காரை விட்டு இறங்கி அணித்தலைவர் டெடி மேயரிடம் கத்தியதும், தான் சாம்பியன் என்பதை நம்ப மறுத்ததும் அப்படியே நடந்தவை.

மற்ற காட்சிகளில் எது கற்பனை? லாவுடாவின் முகத்தையும் மனைவியையும் சேர்த்துக் கொச்சையாகக் கேட்ட நிருபரை ஹண்ட் அடித்து நொறுக்குவது நடக்கவில்லை. திரையரங்கில் கைதட்டு வாங்கும் காட்சி, ஆனால் எனக்கு அது படத்தின் பலவீனமான இடமாகவே படுகிறது. ஹண்டுக்குக் கருணை உண்டு என்று காட்ட அடிதடிதானா கிடைத்தது? கடைசியில் விமானத் தளத்தில் இருவரும் பேசும் உரையாடலும் எழுதப்பட்டதே. அந்தப் பேச்சில் தெரியும் பரஸ்பர மரியாதைதான் நிஜத்துக்கு நெருக்கமானது. ஹண்டின் மனைவி சூசி மில்லர் நடிகர் ரிச்சர்ட் பர்ட்டனோடு போனது கற்பனை மாதிரி இருக்கும், நிஜம். பர்ட்டன் எலிசபெத் டெய்லரை விவாகரத்து செய்துவிட்டு 1976 ஆகஸ்டில் சூசியை மணந்தார்.

படமாக்கிய விதத்துக்கு ஒரு வணக்கம் வைக்கலாம். சேகரிப்பாளர்களிடமிருந்த அசல் கார்களையும் புதிதாகச் செய்த பிரதிகளையும் கலந்து ஓட்டினார்கள். மோதும், சறுக்கும் காட்சிகளுக்குப் பிரதிகள். பெரும்பாலும் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச், ஸ்னெட்டர்டன், கேட்வெல் பார்க், டானிங்டன் தளங்களும் பிளாக்புஷ் விமானத் திடலும்தான் உலகத்தின் எல்லா ஓடுதளங்களாகவும் வேடம் போட்டிருக்கின்றன. நூர்பர்க்ரிங்கில் மட்டும் அசல் இடத்துக்கே போய் எடுத்தார்கள். ஒளிப்பதிவாளர் அந்தோணி டாட் மாண்டில் சின்னஞ்சிறு கேமராக்களைக் காரின் இண்டு இடுக்கிலெல்லாம் பொருத்தினார். படத்தொகுப்புக்கு பிரிட்டனின் திரைப்பட விருதான பாஃப்டா கிடைத்தது, தகும்.

பிறகு என்ன ஆனது என்றால்: லாவுடா 1977-இல் மறுபடி சாம்பியன், 1979-இல் விலகல். அதே 1979-இல் பாதியிலேயே ஹண்டும் ஓய்வு பெற்று, பி.பி.சி.யில் முர்ரே வாக்கரோடு வர்ணனையாளர் ஆனார், 1993 ஜூன் 15 அன்று 45 வயதில் மாரடைப்பில் இறந்தார். லாவுடா 1982-இல் திரும்பி வந்தது மெக்லாரனுக்கு. 1984-இல் அணித்தோழன் அலன் புரோஸ்டை அரைப் புள்ளியில், 72–71.5 என்று தோற்கடித்து மூன்றாவது பட்டம். அந்த அரைப் புள்ளியும் மழையின் வேலை: மொனாக்கோவில் மழைக்காகப் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தியதால் முன்னணியிலிருந்த புரோஸ்டுக்கு 9-க்குப் பதில் 4.5 தான் கிடைத்தது. பந்தயம் முழுதாக ஓடி, புரோஸ்ட் இரண்டாவதாக வந்திருந்தாலே 6 புள்ளி, பட்டம் அவருடையது. லாவுடா 2019 மே 20 அன்று 70 வயதில் இறந்தார்.

இரண்டாம் முறை பார்ப்பதாக இருந்தால் நூர்பர்க்ரிங் தொடக்கத்திலும் ஃபூஜியின் கடைசிப் பகுதியிலும் ஆட்களின் முகத்தை விட்டுவிட்டு டயர்களை மட்டும் கவனியுங்கள். யார் எந்த டயரில் இருக்கிறார், தளம் எந்த நிறத்தில் இருக்கிறது என்று பார்த்தால், வசனம் சொல்வதற்கு முன்பே அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.